கல்லு என்றே இருக்கட்டும்

எனக்குச் சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை நடந்தது. இதை இவ்வளவு நேராக எழுத இப்போதுதான் வாய்த்திருக்கிறது. ஊரைப் பொறுத்தவரை நான் கல்லு ஆபரேஷன் செய்துகொண்டவன்.

திருச்சுழியில் எனக்கு மாட்டுத் தீவனக் கடை. புண்ணாக்கு லோடு வந்த ஒரு நாள், லாரியின் பின்பலகை மேல் நின்று மூட்டையை இழுத்தபோது கால் வழுக்கியது. பலகையின் விளிம்பு இரண்டு கால்களுக்கும் நடுவே இடிக்க, அப்படியே விழுந்தேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். சில மாதத்தில் சிறுநீர் நூலாக மெலிந்து, பிறகு சொட்டாகி, ஒரு நாள் அடியோடு நின்றுபோனது. அடிபட்ட இடம் உள்ளே தழும்பாகிப் பாதையை அடைத்துவிட்டது என்றார் மதுரை டாக்டர். அதைத் திறந்து, என் கன்னத்தின் உள்தோலைக் கொஞ்சம் எடுத்து அங்கே ஒட்டுப் போட்டார். ஒட்டு ஆறும்வரை பாதை வழியாக ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு பை.

கல்லு என்று முதலில் சொன்னது அம்மா. எங்கள் பக்கத்து வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் கல்லு இல்லாத வீடு குறைவு. அது கௌரவமான வியாதி. யாரும் மேலே கேட்க மாட்டார்கள். எனக்கு வந்ததையோ நாலு பேர் முன்னால் சொல்லும்படி எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"பொண்ணு குடுத்த வீட்டுக்கு மட்டும் தெரியவே கூடாது. வேற மாதிரி நெனச்சிருவாக" என்றார் அம்மா.

என்ன மாதிரி நினைப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவியிடம் சத்தியம் வாங்காத குறை. அவளும் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கல்லு என்றே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வாழைத்தண்டு குவிந்தது. பந்தல்குடியிலிருந்து சின்னம்மா நெருஞ்சிமுள் கஷாயத்தைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்து, குடிக்கும்வரை நகரவில்லை. நான் வாயைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏப்பா, கல்ல எடுத்ததுக்கு வாயி ஏன் இப்படி வெந்து கெடக்கு?" என்று கேட்டார். "மருந்துச் சூடுடி" என்று அம்மா முந்திக்கொண்டார். கன்னத்துப் புண்ணில் கஷாயம் பட்டு எரிந்த எரிச்சலுக்கு எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது.

அந்தக் குழாயை நான் வெறுத்த அளவுக்கு இன்றுவரை எதையும் வெறுத்ததில்லை. புரண்டு படுத்தால் இழுக்கும், எழுந்தால் சுண்டும். கல்யாண வீட்டு மஞ்சள் பைக்குள் அந்தப் பையை மறைத்துத் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வீட்டுக்குள்ளேயே நடப்பேன். குழாயை எடுக்கும் முன் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாயின் ஓரமாக இன்னொரு மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை மெதுவாகச் செலுத்துவார்களாம். மருந்து பாதையோடு போனால் ஒட்டு ஆறிவிட்டது, குழாய் அன்றைக்கே வெளியே வந்துவிடும். பக்கத்தில் கசிந்தால் குழாய் உள்ளேயேதான் இருக்கும். நான் அந்த நாளுக்காகத்தான் பொறுத்துக் கிடந்தேன்.

மனைவி கடையைப் பார்க்க வேண்டியிருந்ததால் கூட வந்தவர் மச்சான், அவளுடைய அண்ணன். அருப்புக்கோட்டை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், வாய் மட்டும் ஓயாது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளி பேச மாட்டான், கூட வந்தவர்தான் பேசுவார். நோயாளி தானே பேசினால் கூட வந்தவருக்கு மரியாதைக் குறைவு. மதுரையில் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்ததுமே மச்சான் ஃபைலை என் கையிலிருந்து வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க மாப்ளை. நான் பாத்துக்கிறேன்."

கூடத்தின் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கவுண்டரில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.

"இதக் குடிக்கணுமாம்."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஆனால் ஆஸ்பத்திரியில் புதிதாக எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகிவிட்ட உடம்பு. குடித்தேன். குடித்ததெல்லாம் நேரே பைக்கு வந்தது. வந்து பார்த்த ஊழியர், "இப்படி வடிஞ்சுக்கிட்டே இருந்தா மூத்திரப்பை எப்படிண்ணே நிறையும்?" என்று ஒரு கிடுக்கியை எடுத்துக் குழாயை இறுக்கிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு கல்யாண வீட்டு அண்டா மாதிரி கனத்தது. அப்புறம் இழுத்து இழுத்துப் பிடித்தது. குழாயின் ஓரமாக ஈரம் கசிவது போல இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. மச்சான் பேப்பரை மடித்து எனக்கு விசிறிக்கொண்டே, பக்கத்திலிருந்தவரிடம் தன் சித்தப்பாவுக்குக் கல்லு கரைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, விலாப்பக்கம் கருவியை உருட்டி உருட்டிப் பார்த்த பெண் டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"கல்லு எதுவுமே தெரியலையே."

கதவோரம் நின்ற மச்சானுக்கு முகமெல்லாம் பல். "மாப்ளை! கல்லு போயிருச்சாம்!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து கத்தினேன். கதவு திறந்திருந்தது, கூடம் முழுக்க ஆள். எனக்குக் கல்லே கிடையாது, எனக்கு வெட்டி ஒட்டியிருக்கும் இடம் இது, இந்தத் தோல் என் கன்னத்துத் தோல், அது ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தேன், அந்தக் கிடுக்கியை எவனாவது முதலில் கழட்டுங்கள் என்று கத்தினேன். வீட்டில் இல்லாத வார்த்தை எல்லாம் அன்று எங்கிருந்தோ வந்தது. மச்சான் விசிறிக்கொண்டிருந்த பேப்பரோடு அப்படியே நின்றார்.

ஃபைலை அதன் பிறகுதான் பிரித்தார்கள். சரியான அறைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே மேசையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மருந்து உள்ளே போகும்போது இதமான சூடு ஒன்று பரவியது. பிறகு ஓர் இடத்தில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

படத்தை என் டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். பாதை வெள்ளையாக, அகலமாக, அழகாக இருந்தது. ஒட்டு முடிகிற இடத்தில் பக்கவாட்டில் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

"சின்னக் கசிவுதான். ரெண்டு வாரம் குழாய் இருக்கட்டும். திரும்ப ஒரு படம் பாப்போம்."

"காலையில கிடுக்கி போட்டாங்களே சார், அதனாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சில பேருக்கு ஆற நாளாகும்."

"அதனால இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "அதுவும் சொல்ல முடியாது" என்றார்.

யாரைத் திட்டுவது? கவுண்டரில் இருந்தவர்கள் சொன்னதை எழுதினார்கள். மச்சான் தெரிந்ததைச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நாங்கள். அந்த எரிச்சல் எதன் மேலும் இறங்காமல் எனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. பஸ் மாட்டுத்தாவணியைத் தாண்டும்வரை மச்சான் ஃபைலையே புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எங்ககிட்ட மறைக்கிற அளவுக்கு நாங்க என்ன செஞ்சோம் மாப்ளை?" என்று கேட்டார். மஞ்சள் பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி போன் செய்தாள். பஸ் நிறையக் கூட்டம். பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னேன். "உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லு. ஒளிச்சது போதும்" என்றேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரிதான் இருந்தது.

"அத்தை இங்க கடையிலதான் இருக்காக. அவுககிட்ட நீங்களே சொல்லுங்க" என்று அவள் போனைக் கொடுத்தாள்.

"என்னப்பா சொன்னாக?" அம்மா குரலுக்குப் பின்னால் யாரோ தவிடு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவசரமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "கல்லு இன்னும் கெடக்காமாய்யா?" என்றார்.

மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "கெடக்கு."