கென்கோவின் சிவப்புப் பக்கம்

ப்லோவ்டிவ் நகரில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறான் யாவோர். உலாவியில் போலித் தளங்களைத் தடுக்கும் பாதுகாப்பு நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைத் தனியாளாக எழுதிப் பராமரித்து வருகிறான். பகலில் ஒரு கம்பெனிக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான். காசு ஒன்றும் வராது, திட்டு வரும்.

திட்டெல்லாம் அதன் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தைப் பற்றி. எதைத் திறந்தால் எது மூடும் என்றே புரியவில்லை என்றார்கள் பயன்படுத்துபவர்கள். வசந்தத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வெட்டினான். யாரும் தொடாதவை என்று தோன்றிய பெட்டிகளெல்லாம் போயின. போலித் தளத்தைத் திறந்தால் வரும் எச்சரிக்கை வாசகத்தை நம் சொந்தச் சொற்களில் எழுதிக்கொள்ளும் பெட்டியும் அதில் ஒன்று.

அந்த வாரமே மூன்றாம் மாடி நெடா அத்தை வீட்டுச் செருப்போடு மேலே ஏறி வந்தார்.

"என் கென்கோவ என்னடா பண்ணின?"

அத்தையின் கணவர் கென்கோ இறந்து ஒரு வருடம். அவர் படம் போட்ட அஞ்சலித் தாள் கீழ்வாசல் கதவில் வெளுத்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே அத்தை."

"தப்பான எடத்துக்குப் போனா செவப்பா ஒரு பக்கம் வருமே, அதுல அவர்தான பேசுவாரு. இப்ப எவனோ ஆபீசர் மாதிரி பேசுறான்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கென்கோ அந்தப் பெட்டியில் எழுதி வைத்திருந்தார்: 'நெடா, அது திருட்டுப் பய கடை. திரும்பி வா.' நல்லவேளை, யாவோர் பெட்டியைத்தான் எடுத்திருந்தான். எழுத்து அத்தையின் கணினியிலேயே கிடந்தது. அன்றே பெட்டியைத் திரும்ப வைத்தான். அத்தை சீஸ் வைத்துச் சுட்ட பானிட்சா ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

சில நாள் கழித்து, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று அத்தையின் கணினியைப் பார்க்கப் போனான். சிவப்புப் பக்கம் அன்று காலையில் மட்டும் பல தடவை வந்திருந்தது. போலி வங்கி, போலி லாட்டரி. குப்பை அஞ்சலைத் தேடித் தேடித் திறந்திருக்கிறார்.

"அத்தை, அதுல 'பரவாயில்லை, போ'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. கை தவறினா பென்ஷன் மொத்தமும் போயிரும்."

"நான் போகலேன்னா அவரு எதுக்குடா வரணும்?"

ஆபத்தில்லாமல் எச்சரிக்கையை மட்டும் காட்டும் பொத்தான் ஒன்றைச் செய்து கொடுத்தான். அத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கூப்பிட்டா வர்ற ஆளா அவரு? நான் தப்புப் பண்ணினாத்தான் வாயத் தொறப்பாரு."

ஒரே வழிதான் இருந்தது. 'போ' பொத்தானையே மறைக்கும் ஒரு தேர்வை அமைப்புகளில் சேர்த்தான். அதை அத்தையிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

"அப்ப இனிமே அவர் பேச்ச நான் மீறவே முடியாதா?"

"முடியாது அத்தை."

"சண்டைக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்ட." பிறகு மௌஸை அவன் பக்கம் தள்ளினார். "சரி, போடு."

போட்டான். அத்தை உடனே ஒரு லாட்டரி இணைப்பைத் திறந்தார். திரை சிவந்தது, 'திரும்பி வா' என்றது.

"வரேன், வரேன். கத்தாதீங்க" என்று திரையிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

யாவோர் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்தை மூட அவனுக்குக் கை வரவில்லை.