தகரக் கச்சேரி

இப்போது அதற்கு ஹெவி மெட்டல் என்று பெயர் இருக்கிறது. எழுபதுகளில் எங்கள் காஞ்சிபுரத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மூன்று இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு காது கிழிய வாசித்தார்கள். ஊர் அதைத் தகரக் கச்சேரி என்றது. அந்த மூவரில் கிடார் வாசித்தவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். இந்த மாதிரிக் குழுக்கள் வருஷம் போகப் போகச் சாந்தமாகிவிடுகின்றனவா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளும் சண்டை போடுவதைக் கேட்கிறேன். ஆகத்தான் ஆகின்றன, என் வீட்டிலேயே ஆனது. ஆனால் காரணம் யார் என்று கேட்டால் எல்லாரும் உடனே பொண்டாட்டியைத்தான் காட்டுவார்கள். என் விஷயத்தில் அது பச்சைப் பொய். நான் அந்தச் சத்தத்துக்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள்.

என் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. செவிலிமேட்டில் இருந்த எங்கள் வீட்டில் டம்ளரைக் கீழே வைப்பதென்றாலும் துணி மேல்தான் வைக்க வேண்டும். கதவுக் கொக்கிக்குக்கூட அப்பா துணி சுற்றி வைத்திருந்தார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், தலைவலி வந்தால் அவள் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள் நான். ஆனால் தலைவலி இல்லாத இடங்களிலும் என்னை யாராவது மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், வேதக் கோயிலில் ஞானப்பாட்டு பாடும்போது பின்வரிசையிலிருந்து சொன்னார்கள். பட்டு சொசைட்டி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனேன். அங்கே மேனேஜர், "ஏம்மா, கொஞ்சம் சத்தம் இல்லாம அடிக்கக் கூடாதா?" என்றார். டைப்ரைட்டரைச் சத்தம் இல்லாமல் அடிப்பது எப்படி என்று அவர் கடைசி வரை சொல்லித் தரவில்லை.

அப்படி இருந்தபோதுதான் ஒரு கிறிஸ்துமஸ் சாயங்காலம் கோயில் மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள். போதகர் இரண்டு பாட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தார். இரண்டையும் ஒழுங்காக வாசித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் மூலம் அவர்கள் கைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு ரிகார்டைக் கேட்டுக் கேட்டுத் தாங்களாகவே உருட்டிப் பிரட்டிச் செய்தது அது. சவுண்ட் சர்வீஸ்காரரின் ஸ்பீக்கர் ஒன்றை எலி கடித்திருந்தது. அதன் காகிதம் கிழிந்திருந்ததால் கிடார் சத்தம் அதில் உறுமிக்கொண்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஸ்பீக்கரை மாற்றச் சொல்லியிருப்பார்கள். கிடார் வாசித்த இவர் அந்த எலிக்கு நன்றி சொல்லிவிட்டு அதையே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. இந்த ஆளிடம் யாரும் மெதுவாக என்று சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் கரண்ட் ஆபீசில் மீட்டர் எழுதுகிறவர். எங்கள் வீட்டு மீட்டரையும் அவர்தான் எழுதினார். மற்றதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுபோலவே நடந்தது. இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு பந்தி போட்டார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எலி கடித்த ஸ்பீக்கர் சவுண்ட் சர்வீஸ் கடைக்கே திரும்பிப் போய்விட்டது. புதிய ஸ்பீக்கரில் கிடார் குளித்துத் தலைவாரியதுபோல் வந்தது. அடுத்து டிரம்முக்குள் பழைய துண்டு ஒன்றைத் திணித்தார்கள். டிரம்காரர் நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. தறியில் மிதித்து மிதித்து உரம் ஏறிய கால் அவருக்கு. அவர் மிதித்தால் பெரிய டிரம் நகர்ந்து போகும், அதற்காகச் செங்கல் முட்டுக் கொடுப்பார்கள். இப்போது செங்கல் தேவைப்படவில்லை. கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் இவர் நரம்பை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையையும் விட்டுவிட்டு வெறும் விரலால் மீட்ட ஆரம்பித்தார்.

ஊருக்குப் பரம சந்தோஷம். எதிர்வீட்டம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "நீ வந்த நேரம்மா, புள்ள அடங்கிட்டான்" என்றார். என் மாமியார் கோயிலில் எனக்காகத் தனியாக ஸ்தோத்திரம் சொன்னார். சவுண்ட் சர்வீஸ்காரர் கடைத்தெருவில் சைக்கிளை நிறுத்தி இறங்கி, "உன் புண்ணியத்துல என் ஸ்பீக்கருங்கோ பொழச்சிக்கிச்சிமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. செய்யாத கொலைக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்?

எரிச்சலைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் பெரியப்பா ஒருவர் கல்யாணத்துக்காகப் புட்பாலை விட்டவர். பெரியம்மா விடச் சொன்னாரா, தானாக விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அந்தப் பந்து வந்து பெரியம்மா தட்டில்தான் விழும். "நான் மட்டும் ஆடிக்கினு இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். பெரியம்மா அப்பளத்தை நொறுக்குவார். இவரும் எனக்காக விட்டிருந்தால், நாற்பது வயதில் ஒருநாள் எனக்கும் அப்படி ஒரு தட்டு வைக்கப்படும். ஒருமுறை நேராகவே கேட்டேன். "ஏங்க, அந்தப் பழைய மாதிரி வாசிக்கவே மாட்டீங்களா?" இவர் கிடாரைத் துடைத்துக்கொண்டே, "இது நல்லாத்தானே இருக்குது" என்றார். அவ்வளவுதான். அது பதிலா, சமாதானமா என்று புரியவில்லை.

பிறகு ஒரு அமாவாசை. அமாவாசையன்று தறிகளுக்கு ஓய்வு, தெருவே ஊமையாகிவிடும். டிரம்காரர் எங்கள் இருவரையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு ஒரு சாக்குதான். இவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே வெளிநாட்டுக் குழுவின் புது ரிகார்டு வந்திருந்தது. தறி நிற்கும் கூடத்திலேயே பாய் விரித்து, ரிகார்டு பிளேயரை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். முதல் பாட்டு பழைய மாதிரியே இடி இடித்தது. டிரம்காரர் தொடையில் தாளம் போட்டார், எனக்கும் ஒரு தெம்பு வந்தது. இரண்டாவது பாட்டில் ஒரே ஒரு கிடார், நரம்பு நரம்பாக, கூடவே ஒரு புல்லாங்குழல். பாடுகிறவர் கத்தவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

டிரம்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எட்டி ரிகார்டின் மேலிருந்த முள்ளைத் தூக்கிவிட்டார்.

"இன்னாபா இது, தாலாட்டு? இவனுங்களும் கண்ணாலம் பண்ணிக்கினானுங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னதாகக்கூட நினைக்க முடியாது. ஆனால் எனக்கு முகம் சுட்டது. அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அந்தக் கூடத்தில் அவிழ்ந்துவிட்டது.

"அண்ணா, நான் சொல்லியா அவரு விட்டாரு? இதோ உக்காந்துக்கினு இருக்காரே, அவரையே கேளுங்க. ஊரே என் தலையில கட்டுது. நான் ஒரு நாளாவது சத்தத்தக் கொறைங்கன்னு சொல்லியிருக்கேனா?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அடுப்படியிலிருந்து டிரம்காரரின் தாயார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை. முள்ளை எடுத்து அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்தார். முழுக்கக் கேட்டார். நாங்களும் வேறு வழியில்லாமல் கேட்டோம். முடிந்ததும் ரிகார்டை நிறுத்திவிட்டு, டிரம்காரரிடம்தான் பேசினார்.

"எங்கப்பா எங்க ஊர்ல மோளம் அடிச்சவருபா. உனக்குத் தெரியும். சாவுன்னா கூப்புடுவாங்க, தண்டோரான்னா கூப்புடுவாங்க. கூலிக்கு அறுக்கப் போன கையோட அடிக்கணும். சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தா, இன்னாடா, கஞ்சி குடிக்கலியான்னு கேப்பாங்க. ஊருக்கே கேக்கணும், ஆனா யாருகிட்டயும் வரக்கூடாது. அவரு சாவற வரைக்கும் ஒருத்தன்கூட உக்காந்து அவரு அடிக்கிறத கேட்டதில்ல."

மாமனாரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மோளம் அடித்தவர் என்று இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"நானும் அதையேதான் பண்ணிக்கினு இருந்தேன், கரண்டு வெச்சி. காதப் பொத்திக்கினு எழுந்து போவாங்க, எனக்கு அது வீரமா இருந்துது. அன்னிக்கி ஜவுளிக்காரரு ஊட்டு ரிசப்ஷன்ல சும்மா வெரலால மீட்டினேன். பந்திக்கு எழுந்தவங்க ரெண்டு பேரு நின்னாங்க. நாக்காலிய இழுத்துக்கினு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. சத்தம் கம்மியா இருக்கவேதான் கிட்ட வந்தாங்க. எனக்கு கண்ணுல தண்ணி வந்துட்சி, வேர்வைன்னு தொடச்சிக்கினேன்." பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் பண்ணலமா. நீ வர்றதுக்கு முன்னாடியே நான் யோசிச்சிக்கினு இருந்தது இது."

டிரம்காரர் கொஞ்ச நேரம் தறியின் மிதியை வெறுமனே காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "எனக்கு கால் நமநமங்குதேபா, நான் இன்னா பண்றது?" என்றார். இவர் சிரித்தார். "இன்னொருவாட்டி போடு பாக்கலாம், தாலாட்டோ இன்னாவோ" என்று டிரம்காரரே ரிகார்டு பிளேயரை இவர் பக்கம் தள்ளினார். நான் முதல்முறையாக அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். என் தட்டில் எந்தப் பந்தும் விழப்போவதில்லை என்ற நிம்மதி வந்துவிட்டது. அதோடு ஒரு துக்கமும் வந்தது. இனிமேல் அந்தச் சத்தம் திரும்பி வராது. அவரிடம் போய் அதைக் கேட்கவும் எனக்கு இனி வாய் வராது. அவர் அப்பாவுக்குக் கிடைக்காததை அவர் கையில் வைத்திருக்கும்போது எந்த முகத்தோடு கேட்பது?

ஆனாலும் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். "எனக்கு பழைய சத்தம்தாங்க புடிச்சிருந்துது." துணி சுற்றிய கொக்கியைப் பற்றி, அம்மாவின் நெற்றியைப் பற்றி, பின்வரிசையைப் பற்றி, மேனேஜரைப் பற்றியெல்லாம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை நாளில் அவரும் இதையெல்லாம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீர் இல்லாத பாலாற்றின் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது, "அப்ப உனக்கு வேண்டியது நான் வாசிக்கிறது இல்லியே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அது உண்மை என்பதால் இரண்டு மடங்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட்டதும் அவர் கிடாரை எடுத்து என் மடியில் வைத்தார். கிடாரின் ஒயரை ரேடியோவின் பின்னால் ரிகார்டு பிளேயருக்கென்று இருக்கும் துளையில் செருகினார். எங்களுடையது மரப்பெட்டி ரேடியோ. வால்வு சூடாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் என் இரண்டு விரலை இரண்டு நரம்பின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். "இந்த எடத்த விட்டு நகராத. இத மட்டும் அடி. தப்பே வராது." ரேடியோவின் சத்தக் குமிழை அது போகிற மட்டும் திருப்பினார். பிறகு நிலக்கடலை முறத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

முதலில் பயந்துகொண்டே ஒரு தட்டுத் தட்டினேன். ரேடியோ கனைத்தது. அடுத்து ஓங்கி அடித்தேன். பெட்டி முழுக்க நடுங்கி, அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. விரல் நுனி எரிந்தது. என்னை யாரும் நிறுத்தவில்லை என்பது எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. ஒரே சுரம்தான், தாளம்கூடச் சரியில்லை. அதையே மறுபடி மறுபடி அடித்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

விரலை உதறிக்கொள்ள ஒரு நிமிஷம் நிறுத்தியபோது வாசலில் எதிர்வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாபா, நல்லாத்தானே இருந்த. திரும்பவும் புத்தி போயிட்டுதா? பொண்டாட்டி ஒண்ணும் சொல்றதில்லியா உன்ன?"

கடலை உடையும் சத்தம் கேட்டது. "நான் எங்கமா வாசிக்கிறேன்? இங்கதானே உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார் இவர். "உள்ள அவதான்."

அந்தம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை ஓங்கினேன்.