காக்கா குறை சொல்லாமல் ஏறிய சைக்கிள்

என் அண்ணனை, எங்கள் காக்காவை, பொறுமையின் உறைவிடம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள்; மீதிப்பேர் கன்னத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். எங்கள் சாய்ந்தமருதில் அவரிடம் அடி வாங்காத இளந்தாரிகள் குறைவு. அவருடைய பிழைகளை அல்லாஹ் பொறுத்துக்கொள்வானாக. ஆண்டு நினைவுக் கத்தம் ஓத வந்திருக்கும் உங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் உடன்பிறந்தவளுக்கு மரியாதை.

கடற்கரையோரத்தில் பிறந்தவர் காக்கா. வாப்பா கடலில் இறந்துபோனதும், மீசை முளைக்கும் முன்பே மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சம்மாந்துறைப் பக்கம் விற்கப் போனார். உம்மாவைப் பற்றித் தகாத வார்த்தை சொன்ன ஒரு வியாபாரியின் தலையில் அவனுடைய தராசையே போட்டு உடைத்தார். எனக்கு வீடு கட்டும்போது சுவரைக் கோணலாக எழுப்பிய மேசனைக் கரண்டியோடு தூக்கிச் சாந்துக்குள் வீசினார். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். அந்த வீட்டைக் கட்டி முடிக்கும்வரை தமக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் காக்கா தட்டிக் கழித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. என் கணவருக்கு ஊர் மருதமுனை. தறி நெய்கிற குடும்பம். புதுமாப்பிள்ளையின் முகம் கோண ஒரு சொல் சொல்லக்கூடாது, அவர் செய்வதில் குறை பிடிக்கக்கூடாது என்பது நம் வழக்கம். அவர் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனால் திரும்பி வருவது அல்லாஹ்வின் நாட்டம். கலியாணத்தன்று காலையிலேயே உம்மா காக்காவிடம் சொல்லிவிட்டார்: “மனே, ஒண்ட கையயும் வாயையும் இனி இந்த வளவுக்கு வெளியில வெச்சிட்டு வா. புள்ளயிட வாழ்க்க கெட்டிரும்.”

காக்காவின் ஒரே ஆசை ரேஸ் சைக்கிள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தில் அவரை முந்துவதற்கு ஆள் இல்லை. அந்த வருடப் பந்தயம் என் கலியாணம் முடிந்த கையோடு வந்தது. சைக்கிளின் கழுத்துக்குள் கடற்கரை மணல் புகுந்து, ஹாண்டில் வெட்டி வெட்டித் திரும்பியது. காக்கா முன் சக்கரத்தைத் தாங்கும் முள்ளைக் கழற்றி எடுத்தார். கழுத்துக்குள் இரும்புக் கம்பியை விட்டு, அங்கே பதிந்திருந்த பழைய கிண்ணங்கள் கழலச் சுத்தியலால் அடித்த அடியில் வளவுக் கோழிகள் வேலி பாய்ந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ கொல்வது போலத்தான் அடித்தார். பிறகு பலகைத் துண்டை வைத்துப் புதுக் கிண்ணங்களை இறக்கினார். கிறீஸ் பூசி, போல்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் பதித்த வளையங்களைத் தலைமாறாமல் மேலும் கீழும் வைத்து, முள்ளை ஏற்றி நட்டை இறுக்குவதுதான் மிச்சம்.

அப்போது என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “விடுங்க மச்சான், தறி பூட்டுற கைக்கு இதென்ன பெரிய வேலயா?”

காக்கா நட்டு இறுக்கும் சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். இவர் வளையங்களைப் பொருத்திப் பூட்டினார். ஹாண்டிலைத் திருப்பியபோது கரகரவென்று சத்தம் வந்தது.

“காக்கா, சத்தம் கேக்குதே” என்றேன்.

“புதுசில்லயா? ஓடினா சரி வரும். நீ போய் தேத்தண்ணி ஊத்து” என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

பந்தயத்தில் திரும்பி வரும்போதும் காக்காதான் முன்னுக்கு. நிந்தவூருக்குக் கிட்ட, மதகடி வளைவில் வளையம் உடைந்து ஹாண்டில் இறுகிவிட்டது. சைக்கிள் திரும்பவில்லை. காக்காவின் முகம் மதகுக் கட்டில் மோதித் தாடை இரண்டாகியது. பின்னால் வந்த இளந்தாரிகள் சைக்கிளைத் தூக்கியபோது போல்ஸ் எல்லாம் தார் ரோட்டில் சிதறின. கீழ் வளையம் தலைகீழாகக் கிடந்ததை ஒருவன் கண்டான். பூட்டியது யார் என்று தெருவுக்கே தெரியும். பந்தயத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர் மருதமுனைக்காரர். வேண்டுமென்றே செய்த வேலை என்று முடிவு கட்ட இது போதாதா?

இளந்தாரிகள் பொல்லும் சைக்கிள் செயினுமாக வந்து என் வாசல் படலையை உடைத்தார்கள். இவரை முற்றத்தில் போட்டு அடித்தார்கள். தோளில் விழுந்த அடி எனக்குக் கேட்டது. “அடிச்சி மருதமுனைக்கே அனுப்புங்கடா!” என்று ஒருவன் கத்தினான். அடிபட்ட உடம்போடு இந்த மனிதர் படலையைத் தாண்டினால் பிறகு எந்த முகத்தோடு திரும்பி வருவார்? “அல்லாஹ்வே, என் வாழ்வு போகுதே” என்று நான் மண்ணில் விழுந்து கதறினேன்.

காக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் எங்கள் ஒழுங்கை முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட்டத்தைக் கண்டு காக்கா காரிலிருந்து குதித்திருக்கிறார். நெஞ்செல்லாம் இரத்தம். வந்த வேகத்தில் ஒருவனிடமிருந்து செயினைப் பறித்தார். அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். ஒருவன் மூக்கு உடைந்தது, ஒருவன் வேலிக்கு மேலால் போனான். எல்லாம் அவருடைய சொந்தக் கூட்டாளிகள்.

“பூட்டினது நான்” என்றார். பல்லும் இரத்தமும் சேர்ந்து விழுந்தன. “நான்தான் தலகீழாப் போட்டன். இனி எவன் வாறான்?”

ஒருவரும் வரவில்லை. என் கணவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். காக்கா திரும்பி, விருந்தாளியிடம் பேசுகிற குரலில், “மச்சான், நீங்க உள்ள போங்க” என்றார்.

அதன் பிறகு காக்காவின் தாடை கோணலாகவே பொருந்தியது. தன் சைக்கிளையே பூட்டத் தெரியாதவன் என்று சந்தையில் கேலி செய்தார்கள். அதற்கு மட்டும் அவர் யாரையும் அடிக்கவில்லை. என் கணவர் அந்த வீட்டிலேயே இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஈரல் நோயில் காக்கா படுத்தபோது கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன். “காக்கா, ஏறக்குள்ளயே உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம். திருப்பின உடன தெரியும்.”

“மறுகா என்னத்துக்குக் கழட்டி ஒழுங்காப் போடல்ல?”

“அவர் பாத்துக்கொண்டு நிக்காரே, புள்ள.”

கையிலிருந்த கோப்பையால் அவர் தலையிலேயே ஒன்று போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அழுதேன்.

காக்காவைக் கைவிடாமல் பார்த்த வைத்தியருக்கும், சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களுக்கும், நாற்பது நாளும் வீட்டுக்கு வந்து குர்ஆன் ஓதிக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் அந்த மூக்கு உடைந்தவரும் இருந்தார். அல்லாஹ் எல்லோருக்கும் கூலி கொடுப்பானாக.

கபுறுக் குழிக்குள் இறங்கி ஜனாஸாவைக் கையில் வாங்கிக் கிடத்தியவர் என் கணவர். இதை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்டைக்குப் பூட்டினது நான் எண்டு போடு. ஊர் முழுக்க வாசிக்கட்டும்” என்றார்.

போட்டுவிட்டேன், காக்கா. இனி அவரை உள்ளே போகச் சொல்ல உங்களால் முடியாது.