குத்துப்பாட்டும் ஒரு லிட்டர் தண்ணீரும்

காலேஜ் ஹாஸ்டலில் எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. தவில் அடியில் ஆரம்பித்து, கேட்கிற எவரையும் எழுந்து ஆட வைக்கிற சரியான குத்துப்பாட்டு. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மெஸ் பெஞ்சில் ஏறி ஆடி, பெஞ்சை உடைத்து, வார்டனிடம் திட்டு வாங்கியதெல்லாம் இந்தப் பாட்டுக்குத்தான். இப்போது அது எங்கே ஒலித்தாலும் ஆடத் தோன்றுவதில்லை. தொண்டை வறண்டு போகிறது. கை தானாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறது.

காரணம் ஒரு பஸ்.

படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அப்போதுதான் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று தெரிந்தது. இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சனி, ஞாயிறு தவிர தினமும் சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் நாள் விடவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்பாவால் கடையை விட்டு நகர முடியாது. ஆக, டியூட்டி எனக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெஷினில் படுக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் மேலே ஒதுங்கி நிற்கும், கரண்ட் அதில் அதிகம் படாது. "ஒரு மணி நேரம் முன்னாடியே ஒரு லிட்டர் குடிச்சிட்டு அடக்கி வச்சுக்கோங்க" என்று மெஷின் ரூம் அக்கா சொல்லியிருந்தார். நேரம் பார்த்து அம்மாவைக் குடிக்க வைப்பது என் வேலை. மூன்று நாள் ஒழுங்காகச் செய்தேன். நான்காம் நாளில் இருந்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்துவிட்டேன். முழிக்கும்போது பாட்டில் காலியாக இருக்கும். அம்மாவே பார்த்துக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேட்டதில்லை. அவள் கையில் வாட்ச் கிடையாது. போன் என் பையில் இருந்தது.

நாங்கள் ஏறுகிற பஸ்ஸில் டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் பென் டிரைவ் முதல் பாட்டில் இருந்து ஓடத் தொடங்கும். தினமும் அதே வரிசை. பனவடலிசத்திரம் தாண்டியதும் என் பாட்டு வரும். அரைத்தூக்கத்தில் தவில் சத்தம் கேட்கும்போதே எலுமிச்சை வாசனையும் சேர்ந்து வரும். குமட்டலுக்கு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்திருப்பாள், மடியில் ஒரு பாலித்தீன் பை. இரண்டாவது வாரம் வீட்டில் ஹெட்செட் மாட்டி அதே பாட்டைப் போட்டேன். அறையில் பழமே இல்லை, வாசனை மட்டும் வந்தது. பயந்துவிட்டேன். அம்மாவை எண்ணி இல்லை. என் பாட்டு கெட்டுப் போகிறதே என்றுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் மெல்லிய பாட்டுகளாக நிரப்பிய ஒரு பென் டிரைவைக் கண்டக்டரிடம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, டெய்லி அதே பாட்டா? இதப் போடுங்க."

"எங்க டிரைவருக்கு அத விட்டா வேற தெரியாது பாப்பா. எனக்கும் காது புளிச்சுப் போச்சு. கொண்டா கொண்டா."

அன்று பஸ்ஸே தூங்கியது. திருநெல்வேலியில் இறங்கும்போது பாட்டிலைப் பார்த்தேன். மூடிகூடத் திறக்கவில்லை.

மெஷின் ரூம் அக்கா ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நிறையவே இல்ல. வெளிய போய்க் குடிச்சிட்டு உக்காருங்க. மத்தவங்க முடியட்டும். இன்னைக்கு நேரம் இருக்குமான்னு பாக்கணும்."

நாள் தவறிவிட்டால்? வராந்தா பெஞ்சில் அம்மா மடக் மடக்கென்று குடித்தாள். வயிறு நிறையக் காத்திருந்து முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் கேட்டேன்.

"ஏம்மா, பஸ்லயே குடிக்கலயா?"

"பாட்டு வரலியேட்டி."

"எந்தப் பாட்டு?"

"அதாம்ட்டி, கொட்டடிச்சிக்கிட்டு ஒரு ஆட்டப்பாட்டு வருமே. அது வந்தா இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு பாட்டிலத் தொறப்பேன். அடுத்த மூணு பாட்டுக்குள்ள குடிச்சு முடிச்சிருவேன். இன்னைக்கு அந்த மனுசன் தாலாட்டாப் போட்டுட்டான். நானும் கண்ணசந்துட்டேன்."

"என்னைய எழுப்பியிருக்கலாம்லா?"

"நீ வாயப் பொளந்துகிட்டுத் தூங்குத. பாவம், எதுக்கு எழுப்பணும்?"

சொல்லிவிட்டேன். பாட்டை மாற்றியது நான்தான் என்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா இருக்குட்டி நீ செஞ்ச வேல. என் கடியாரத்தப் பிடுங்கி எறிஞ்சிட்டு, ஏம்மா குடிக்கலன்னு எங்கிட்டயே கேக்க." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சிரிக்க வைக்காத. இங்கனயே போயிரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி ஆளாக உள்ளே கூப்பிட்டார்கள். நாள் தவறவில்லை.

அடுத்த நாள் கண்டக்டரிடம் போய் நின்றேன். "பழைய பென் டிரைவையே போடுங்க அண்ணாச்சி."

"நேத்து மாத்துன்னு சொன்ன, இன்னைக்கு மாத்தாதன்னு சொல்லுத. நீ என்ன ஓனர் மவளா?"

விஷயத்தைச் சொன்னேன். உடனே பையைத் துழாவி, டிக்கெட் கட்டுக்கு அடியில் இருந்து அதை எடுத்தார். பனவடலிசத்திரம் தாண்டித் தவில் கிளம்பியபோது, டிரைவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நான் தூங்கவில்லை. அம்மா ஒவ்வொரு மடக்காகக் குடிப்பதை மூன்று பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். மிச்ச நாட்களும் அப்படித்தான் போயின.

சிகிச்சை முடிந்தது. ஆனால் பாட்டு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போனில் இருந்து அழித்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்தில் தாளம் போடுவாள்.

போன வாரம் செக்கப். வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கும் தண்ணீர் குடிக்க வேண்டும். வந்தது வேறு பஸ், அதில் பாட்டே இல்லை. பனவடலிசத்திரம் நெருங்கும்போது அம்மா பாட்டிலை மடியில் வைத்து, மூடியைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். கட்டி மறுபடி வந்திருந்தால் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

பாட்டை மறுபடி டவுன்லோட் செய்தேன். ஹெட்செட்டின் ஒரு முனையை அவள் காதில் வைத்தேன், மறுமுனையை என் காதில். தவில் ஆரம்பித்தது. எலுமிச்சை வாசனையும் வந்தது, வரட்டும்.

"குடிம்மா" என்றேன்.

அம்மா மூடியைத் திறந்தாள்.