பேண்டேஜ் துணி போர்த்திய கம்ப்யூட்டர்

“இதுல கேம் ஓடுமாண்ணே?” என்று பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் ராஜபாளையத்தில் என் கடை ஓடுகிறது; சர்வீஸ் கடை வைத்து அல்லாடும் சகோதரர்களே, உங்களுக்கும் அப்படித்தானே?

உள்ளே பஞ்சு

ஜெயராணி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்திருந்தாள். மூடியைக் கழற்றினேன். அடேயப்பா! ஃபேனும் தெரியவில்லை, போர்டும் தெரியவில்லை, ஒரே பஞ்சு. லேசாக ஊதினால் கடை முழுக்க மிதக்கிறது.

லாரி ஓட்டுற கேம் ஓடணுமாம். கல்யாணமாகி ஒரே மாசத்தில் புருஷன் வளைகுடாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அவரிடம் லேப்டாப் இருக்கிறது, வெள்ளிக்கிழமை லீவு; அவர் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் நெட்டில் சேர்ந்து ஓட்டணுமாம். அடுத்த வாரம் நெட்டே இல்லாத பாலைவன சைட்டுக்கு மாற்றுகிறார்கள்.

“இந்த வெள்ளிக்கெழமைய விட்டா முடியாதுண்ணே. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு ஊருக்கும் போனதில்ல.”

மடியில் ஒரு பெட்டி

ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டி, கிராபிக்ஸ் கார்டில் வந்து நின்றேன். ஆபீஸ் கேபினெட், ஒல்லி. குட்டைக் கார்டுதான் நுழையும். அவள் கையில் இருந்த காசுக்குப் பழசுதான் கட்டுப்படியாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிப்போன பிரவுசிங் சென்டர்காரரிடம் ஒன்று கிடைத்தது. திரும்பும்போது பஸ் ஜன்னலில் மேகம் மலையோடு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் ரெண்டு லாரி போகிற மாதிரியே எனக்கு ஒரு நினைப்பு. ஒவ்வொரு குழிக்கும் மடியில் இருந்த கார்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். கண்டக்டர் பார்த்தார்.

“பால்கோவாவ இம்புட்டுப் பதனமா கொண்டுபோறது நீங்க ஒராளுதான் அண்ணாச்சி!”

மூட்டை

கார்டை மாட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெயராணி போன். செத்த நேரம் ஓடிவிட்டுப் பொசுக்கென்று அணைந்துவிடுகிறதாம், அவர் அங்கே காத்துக் கிடக்கிறாராம். போட்டது போட்டபடி செட்டியார்பட்டியில் அவள் வீட்டுக்குப் பைக்கை விரட்டினேன். மேஜையில் கம்ப்யூட்டரைக் காணோம், வெள்ளையாக ஒரு மூட்டைதான் இருந்தது! எங்கள் பக்கத்தில் காபி வடிகட்டுவதும் பேண்டேஜ் துணி, ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவதும் பேண்டேஜ் துணி. மறுபடி பஞ்சு போகக்கூடாதென்று கேபினெட்டையே அதில் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டாள். “ஏம்மா, சூட்டுல மூச்சு முட்டிப் போவாதா அது?” என்று கத்திவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“புண்ணுக்கே காத்துப் போவும்னுதானேண்ணே இந்தத் துணியக் கட்டுறாவ?”

மலைப்பாதை

துணியை உருவி, சூடு ஆறவிட்டுப் போட்டேன். திரையில் மலைப்பாதை, மழை. முன்னால் அவர் லாரி, பின்னால் இவள் லாரி. “ஏட்டி, வளைவு வருது, மெதுவா வா,” என்று ஸ்பீக்கரில் அவர் குரல். வைப்பர் அசைய அசைய அந்த அறையே நகர்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கடை ஞாபகமே வரவில்லை. அணைந்துவிடக் கூடாதே என்று கேபினெட்டில் கை வைத்தபடி நின்றேன். அணையவில்லை.

ஒரு ஏரிக்கரையில் ரெண்டு லாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. “எறங்கேன்டி, செத்த நேரம் நிப்போம்,” என்றார் அவர், விளையாட்டாக. அவள் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வண்டிய விட்டு எறங்க முடியலியேண்ணே, அதுக்கு எந்தப் பார்ட்ட மாத்தணும்?”

இருக்கிறதை வைத்து எதையும் ஓட வைத்துவிடலாம் சகோதரர்களே, இறக்கிவிடத்தான் நம்ம கடையில் சாமான் கிடையாது.