மூன்றாவது பெட்டி

மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது எங்கள் குடும்ப வரலாற்றை ஒரு பெரிய கொப்பியில் எழுதத் தொடங்கினேன். நாட்டில் நடந்த சண்டை காரணமாகச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு யாரை யார் என்று காட்டுவது என்ற பயம் எனக்கு. நடுப்பக்கத்தில் குடும்ப மரம் கீறினேன். கணவரின் பெற்றோரான மாமாவும் மாமியும் மேலே, அவர்களுடைய நான்கு பிள்ளைகள் கீழே. எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்த பெட்டிகள்.

துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த கணவரிடம் காட்டினேன்.

“இது குடும்பமோ, கந்தோர்ச் சுவரில தொங்கிறதோ? ஆர் ஆருக்கு ஓடர் போடுறது எண்டு கீறின மாதிரிக் கிடக்கு” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது பெட்டி அவருடைய தம்பிக்கு உரியது. போராட்ட இயக்கத்துக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லை. ஆமி முகாமுக்குக் கொடுத்த குடும்பப் பட்டியலில் தம்பியின் பெயரை நாங்கள் எழுதவில்லை. அதில் பிள்ளைகள் மூன்று, என் கொப்பியில் நான்கு. சோதனைக்கு வருகிறவன் புரட்டிப் பார்த்தால் கொண்டுபோவது என் கணவரைத்தான்.

ஒருவரிடமும் கேட்காமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் திரும்பக் கீறி ஒட்டினேன். தம்பியின் இடத்தை வெறுமையாக விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமி கொப்பியை மடியில் வைத்து விரலால் எண்ணினார்.

“என்ர மூண்டாவது எங்க, பிள்ளை?”

சோதனை, பட்டியல் என்று ஏதேதோ சொன்னேன்.

“ஆமிக்காரன் கூட அவனை இன்னும் இல்லாமப் பண்ணேல்ல. நீ பண்ணிப்போட்டாய்.”

அன்றே பென்சிலால் பெட்டி போட்டுப் பெயரை எழுதினேன். பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. சந்தியில் ஆமி ட்ரக் நின்றால் அழிப்பேன், போனதும் எழுதுவேன். மகளுக்குச் சோறு தீத்தும்போதும் காது வீதியிலேயே இருக்கும். “எழுதிப்போட்டியோ?” என்று மாமி கேட்பார். சில நாள் எழுதாமலே “ஓம் மாமி” என்றிருக்கிறேன்.

ஒரு காலை உண்மையாகவே ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். அவசரத்தில் அழுத்தித் தேய்த்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. வந்தவன் அலுமாரியைத் திறந்தான், அரிசி வாளியைக் கிளறினான். மேசையில் கிடந்த கொப்பியைத் தொடவேயில்லை.

அவர்கள் போன பிறகு மாமி அந்த ஓட்டையில் விரலை வைத்தபடி இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓட்டையின் பின்னால் ஒரு துண்டுத் தாளை ஒட்டினேன். கணவரின் பேனையை எடுத்து, தம்பியின் முழுப் பெயரையும் அதில் எழுதினேன்.

“பேனையாலயோ?” என்றார் மாமி.

“ஓம் மாமி. இனி அழிக்க ஏலாது.”

மை காயும்வரை கொப்பியை மூடவும் முடியவில்லை. வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே அதை ஊதிக்கொண்டிருந்தேன்.