மைக்செட் ஏகாம்பரத்தின் கழுத்து

ஏகாம்பரம் அண்ணா இறந்த செய்தி ஒரு நாள் காலையில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக எங்கள் தெருவுக்கு வந்தது. ஒலிபெருக்கி அவருடையது. அறிவித்தவர் அவருடைய தொழில் போட்டியாளர். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

உத்திரமேரூர் பக்கம் கல்யாணமோ திருவிழாவோ நடத்தியவர்களுக்கு, மைக்செட் வாடகைக்கு விட்டு அறிவிப்பும் செய்த அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனக்கு அவர் பழக்கமானது காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் மையத்தில்.

பழையசீவரத்தில் ஒரு கல்யாணத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும்போது வலது கையிலிருந்து மைக் நழுவியிருக்கிறது. நாக்கும் குழறியிருக்கிறது. சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட, வெயில்தான் காரணம் என்று சோடா குடித்துவிட்டு மிச்ச வேலையையும் முடித்திருக்கிறார். அவர் மனைவி அமுதா அக்காதான் விடாமல் மருத்துவரிடம் இழுத்துப்போனார். அங்கிருந்து கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு எங்களிடம் அனுப்பினார்கள்.

கழுத்தில் கருவியை வைத்தால் ரத்தம் ஓடும் ஓசை கேட்கும். குழாய் சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும்; அந்த வேகத்தை அளந்துதான் சுருக்கம் எவ்வளவு என்று கணிப்போம். வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் வந்தேன்.

“இன்னாம்மா, இந்தப் பக்கம் மட்டும் விசில் அடிக்குது?” என்றார்.

“டாக்டர் சொல்லுவாருண்ணா.”

“டிகிரி படிச்ச பொண்ணு, வாயி வாடகைக்கு வேணுமா? நம்மகிட்ட கீது, எடுத்துக்கினு போ.”

அமுதா அக்கா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மையத்தில் எல்லாரிடமும் அளவாகவே பேசுவேன். அதை அவர் படுத்தபடியே கண்டுபிடித்துவிட்டார்.

முக்கால் பங்குக்கு மேல் அடைப்பு. சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்து குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். குரல் கம்மிப்போக வாய்ப்புண்டு என்பதையும் மறைக்கவில்லை. வெளியே வந்த ஏகாம்பரம் அண்ணா வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினார். நான் அவர் பின்னால் வாசல்வரை போனேன்.

“குரல் போனா பொழப்பு இன்னாம்மா ஆவும்? நீயே சொல்லு.”

“முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பி வந்துடும்ணா. சில பேருக்குக் கரகரப்பு நின்னுடும். அப்படியே விட்டீங்கன்னா, அடுத்த தடவை கையும் பேச்சும் சேந்து போயிடலாம். அன்னிக்கு மாதிரி திரும்பி வரும்னு சொல்ல முடியாது.”

அவர் அமுதா அக்காவைப் பார்த்தார். “குரல் போனா கூலிக்கு ஆளு வெச்சிக்கலாம். கை போனா இவதான் ஊட்டணும். இவ சும்மாவே திட்டிக்கினு கீறா.” அந்த வாரமே அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்ந்துகொண்டார்.

குரல் முழுதாகத் திரும்பவில்லை. கல்யாணங்களில் “இன்னாண்ணா, மைக்கு ரிப்பேரா?” என்று கலாய்ப்பார்கள். “மைக்கு புதுசு, தொண்டைதான் செகண்ட் ஹேண்ட்” என்பார். பிறகு, கை மரத்துத் தானாகச் சரியானாலும் சும்மா இருக்காதீர்கள் என்று அந்தக் கரகரத்த குரலிலேயே பந்தி நடுவில் அறிவிப்பார். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தாலும் விடமாட்டார். அதைக் கேட்டு எங்களிடம் வந்தவர்கள் உண்டு.

கடைசியில் அவர் போனது மாரடைப்பில். சாவு வீட்டில் ஒருவர், “கழுத்த அறுத்துக்கினு இன்னா பிரயோஜனம்?” என்றார். அமுதா அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நேத்து சாயந்தரம் வரைக்கும் ஸ்பீக்கர் பொட்டிய அவரேதான் தூக்குனாரு. ஒரு நாள்கூட நான் ஊட்டல.”

எங்கள் வேலையின் பயனுக்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, ஆபத்தையும் பயனையும் சேர்த்து முகத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம். நேற்று ராஜகுளத்திலிருந்து வந்த ஓர் அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே, “ஆப்ரேசன்ல உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

“சரி, டாக்டர்கிட்ட எப்போ வரணும்னு கேட்டுச் சொல்லு” என்றார்.